மண்டையோட்டுப் பலகைக்குப் பின்னால்

ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம்
புல்லின் மேல்தான் ஓட்டுகிறேன்.
போஸ்னான் நகராட்சி
தண்டவாளங்களுக்கு நடுவே விதைத்த புல்.
டிராமின் முன்கண்ணாடி வழியே பார்த்தால்
யாரோ பாய் விரித்துக்கொண்டே முன்னால் போவதுபோல்
நிறுத்தத்துக்கு நிறுத்தம் பச்சை.

ஒரு பிடிகூட வீட்டுக்கு ஆகாது.
பிரேக் பிடிக்கும்போதெல்லாம் உதிரும் இரும்புத்தூளை
அதன் மேல் தூவுகிறவள் நானேதான்.

வீட்டில் இரண்டு வாய்கள்.
க்ளுஸ்கா, மாவு உருண்டை நிறம்.
பாண்டோவுக்கு முதுகு மயிர் சுழித்து நட்டுக்கொண்டு நிற்கும்,
டிராமின் உச்சியில் கம்பியைத் தொடும் கைபோல்.
கினிப் பன்றிகள். எங்கள் ஊரில் கடல் பன்றி என்போம்.
கடலும் பார்த்ததில்லை, பன்றியும் இல்லை.
நாலாம் மாடி, வடக்கு பார்த்த பால்கனி;
தொட்டியில் விதைத்த ஓட்ஸ் நூலாய் வெளுத்துச் சாய்ந்தது.
உலர்புல் இருக்கிறது, மூட்டை மூட்டையாக.
ஆனால் ஏப்ரலில் ஜன்னலைத் திறந்த அன்றே
இரண்டு மூக்குகளும் காற்றை வாசிக்கத் தொடங்கிவிடும்.
அப்புறம் என் பை சரசரத்தால் போதும்,
வீல் வீலென்று கூவல்.
உள்ளே இருப்பது ரொட்டி என்று
எப்படிச் சொல்வது?

தேடினேன்.
வார்த்தா ஆற்றங்கரை: நாய்கள், ஞாயிற்றுக்கிழமைகள்.
பள்ளி மைதானத்தில் இயந்திரம் வெட்டிக் குவித்த புல்.
கையை விட்டேன், உள்ளே சுட்டது.
சூடேறிய புல் வயிற்றில் ஊதும்,
அந்த வயிறு ஊதினால் ஓர் இரவு தாங்காது.
மடத்துத் தோட்டத்தில் ஒரு கன்னியாஸ்திரீ
தானாகவே வந்து ஒரு கட்டு நீட்டினார்.
நடுவில் கொன்வாலியா இலை இரண்டு;
மணக்கும் வெள்ளை மணிகள்,
வேரிலிருந்து நுனிவரை நஞ்சு.
கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார் என்று வாங்கி
அடுத்த தெருக் குப்பைத்தொட்டியில் போட்டேன்.

எட்டாம் தடம் வளையும் இடத்தில்
துணை மின்நிலையம். கம்பி வேலி, பூட்டு,
மஞ்சள் பலகையில் மண்டையோடு, மின்னல் கீறல்.
தொடாதே. உயிருக்கு ஆபத்து.
சிவப்பு விளக்கில் நிற்கும் நாற்பது நொடியில்
ஒருநாள்தான் அதற்குப் பின்னால் பார்த்தேன்:
முழங்கால் உயரத்துக்குப் புல்.
நாய் நுழையாது. கார் நுழையாது.
குடிகாரனுக்குக்கூட அவ்வளவு போதை ஏறாது.

என் டிராமுக்கும் அங்கிருந்துதான் மின்சாரம்.

சாவி வைத்திருந்தவர் ஜெமோவித்.
மருந்து தெளிப்பீர்களா என்றேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் நகராட்சி தெளிக்கும்,
இந்தப் பக்கம் நாங்கள்,
எங்கள் களைக்கொல்லிப் பணம் மூன்று வருடமாய்
வேறு யார் கணக்கிலோ முளைக்கிறது என்றார்.
எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.
சிரிக்கவில்லை.
எத்தனை பிடி?

செவ்வாயும் வெள்ளியும் வேலை முடிந்து
வேலிக்கு வெளியே நிற்கிறேன், உள்ளே அனுமதி இல்லை.
அவர் ஓரத்தை விட்டு நடுவில் குனிந்து
கத்தரிக்கோலால் வெட்டுகிறார்,
மஞ்சள் வெண்ணெய்ப்பூவைப் பொறுக்கி எறிந்துவிட்டுக்
கதவிடுக்கில் நீட்டுகிறார்.
முதல் வாரம் ஆளுக்கு மூன்று தாள்தான்,
குளிர்கால வயிறு பச்சைக்கு மெதுவாய்த்தான் பழகும் என்றேன்.
மின்னழுத்தம் குறிக்கும் ஏட்டிலேயே எழுதிக்கொண்டார்:
க்ளுஸ்கா 3, பாண்டோ 3.

அடுத்த வசந்தத்தில் இங்கே சரளைக்கல் கொட்டுகிறார்களாம்.
அதைச் சொன்ன அன்று
வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிகமாய் வெட்டினார்.

இரவு. விளக்கைக் குறைத்துத் தரையில் உட்கார்ந்திருக்கிறேன்.
பாண்டோவின் வாயில் ஒரு நீளத் தாள்;
நுனி உள்ளே போகிறது, இழுபட்டு இழுபட்டு,
தண்டவாளம் டிராமுக்கு அடியில் போவதுபோல்,
நடுவில் நிறுத்தமே இல்லாமல்.